‘நீ’ என்று அழைக்கப்படும் நோயாளி: எங்கள் வைத்தியசாலைகளில் பாகுபாடு எப்படி வேலை செய்கிறது?

குடாநாட்டிலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றின் நீரிழிவுக் கிளினிக். காலை ஏழு மணிக்கு முன்னரே வாங்குகள் நிறைந்துவிட்டன. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. இலக்கம் கூப்பிட்டதும் எழுந்து போனார். கொப்பியைத் திறந்து பார்த்த தாதி சிரித்தபடி, “ரீச்சர், போன மாதம் வரேல்லை என்ன? இதில இருங்கோ, பிறஷரைப் பாப்பம்” என்றார். அம்மா மகளின் வீட்டுக்குப் போயிருந்த கதையைச் சொன்னார். தாதி கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த இலக்கம். அம்மாவைவிட நான்கைந்து வயது கூடிய ஒரு பெண்மணி. வெறுங்கால், கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அவரும் முதல் மாதம் வந்திருக்கவில்லை. தாதி கொப்பியின் முன்பக்கத்தில் இருந்த முகவரியைப் பார்த்தார். “எங்க போனனீ போன மாதம்? உனக்கு எத்தினை தரம் சொல்லுறது, ஒழுங்கா வா எண்டு. அங்கால தள்ளி நில்.” அந்த அம்மா ஒன்றும் பேசாமல் தள்ளி நின்றார். அவரிடம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே கிளினிக், ஒரே நோய், ஒரே தவறு. ஒருவருக்கு ‘இருங்கோ’, மற்றவருக்கு ‘தள்ளி நில்’. யாழ்ப்பாணத்துத் தமிழில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று மூன்று படிகள் உண்டு. யாருக்கு எந்தப் படி என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த முகவரியைப் பார்த்த கணத்தில் என்ன நடந்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. எனக்கும் விளங்கியது. நான் வாய் திறக்கவில்லை. என் அம்மாவுக்குக் கிடைத்த மரியாதையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த மௌனம் என்னை உறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னர் அம்மாவுக்கு இருதயப் பரிசோதனை செய்வதற்காகத் தென்னிலங்கையிலுள்ள ஒரு வைத்தியசாலைக்குப் போயிருந்தோம். சம்மதப் பத்திரம் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் அம்மா கையெழுத்து வைத்தார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், தன் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிற்றூழியராக இருந்த ஒரு சிங்களப் பெண் மட்டும் அருகில் வந்து, தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் “அம்மா, பயம் வேணாம்” என்று கையைப் பிடித்தார். அன்று ஊருக்குத் திரும்பும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை. இனவாதம் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

கொழும்பில் அம்மா வாசிக்க முடியாத அந்தத் தாளும், எங்கள் கிளினிக்கில் அந்த அம்மாவுக்குக் கிடைத்த ‘தள்ளி நில்’ என்ற சொல்லும் வேறு வேறு நோய்கள் என்று நான் நம்பியிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன். முதலாவதைத் தட்டிக்கேட்க எங்களுக்கு இருக்கும் உரிமை, இரண்டாவதைத் திருத்தும்போதுதான் வலுப்பெறும்.

மூன்று இடங்களில் பாருங்கள்

வைத்தியசாலையில் பாகுபாடு என்றதும் கெட்ட எண்ணம் கொண்ட ஒரு வைத்தியரையோ தாதியையோதான் நாம் கற்பனை செய்கிறோம். அது ஒரு பகுதி மட்டுமே. பாகுபாட்டை மூன்று இடங்களில் தேடவேண்டும்.

முதலாவது, ஆட்களுக்கு இடையில். யாரை எப்படி அழைக்கிறோம், யாருடைய வலியை நம்புகிறோம், யாருக்கு நின்று விளக்குகிறோம் என்பவை இதில் அடங்கும்.

இரண்டாவது, நடைமுறையில். படிவம் எந்த மொழியில் இருக்கிறது, கிளினிக் எந்த நேரத்தில் நடக்கிறது, முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்பவை இதில் வரும். இங்கே ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இருக்கத் தேவையில்லை. காலையில் மட்டும் நடக்கும் கிளினிக், அதிகாலையில் கடலிலிருந்து வரும் வள்ளத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்தையும், நாட்கூலிக்குப் போகிறவரையும் தானாகவே வெளியே தள்ளிவிடும்.

மூன்றாவது, கட்டமைப்பில். நெடுந்தீவில் ஒரு பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் அங்கே நெஞ்சுவலி கண்டவர் மேலதிக சிகிச்சைக்குக் கடல் தாண்டிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து தரை வழியாக யாழ் போதனா வைத்தியசாலைக்கு வரவேண்டும். யாழ் நகரத்தில் இருப்பவருக்குச் சில நிமிட ஓட்டம். நோய் ஒன்று, தூரம் வேறு.

இங்கேதான் சமத்துவம் என்ற சொல்லைக் கவனமாகப் பிடிக்கவேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது ஒருவகைச் சமத்துவம். நெடுந்தீவாருக்கும் நகரத்தாருக்கும் ஒரே எண்ணிக்கையில் அம்புலன்ஸ் கொடுத்தால் கணக்குச் சரியாக வரும், ஆனால் தீவில் உள்ளவர் சாவார். யாருக்கு எது குறைகிறதோ அதை அறிந்து கொடுத்து, கடைசியில் எல்லோரும் ஒரேமாதிரி உயிர் பிழைக்கும் வாய்ப்பைப் பெறச் செய்வதுதான் சுகாதார நீதி. எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். அது பெரிய கொடை. ஆனால் கட்டணம் இல்லாத கதவையும் ஒருவர் தாண்ட முடியாமல் போகலாம்.

மொழியும் ஒரு மருந்து

சட்டத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1956 இன் சிங்களம் மட்டும் சட்டம் தமிழை அரச அலுவலிலிருந்து தள்ளியது. 1987 இல் வந்த 13வது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988 இன் 16வது திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியதோடு, ஏனைய மாகாணங்களிலும் ஒருவர் அரச நிறுவனத்தோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையைத் தந்தது. அரச வைத்தியசாலையும் அரச நிறுவனம்தான். அப்படியானால் கொழும்பில் என் அம்மாவின் கையில் இருந்த படிவம் வெறும் கவனக்குறைவு என்று கடந்துபோகக் கூடிய ஒன்றில்லை, அது அரசியலமைப்பு தந்த உரிமையின் மீறல்.

அதே சட்டம் இங்கேயும் பொருந்தும். நயினாதீவு விகாரைக்கு வந்து நோயுற்று விடுதியில் கிடக்கும் சிங்கள மூதாட்டிக்கும் தன் மொழியில் விளக்கம் கேட்கும் உரிமை உண்டு. தெற்கிலிருந்து இங்கு கடமைக்கு வரும் இளம் வைத்தியர்கள் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களில் சிலர் சில மாதங்களிலேயே “எங்க நோகுது?” என்று கேட்கப் பழகிவிடுகிறார்கள். சிலர் பழகுவதில்லை. தனிமனிதரின் விருப்பத்தில் விடப்பட்ட உரிமை, அதிர்ஷ்டம் உள்ளவருக்கு மட்டுமே கிடைக்கும்.

மொழி தெரியாத இடத்தில் நாம் செய்வது என்ன? கூட வந்த மகனையோ, பக்கத்துக் கட்டில்காரரையோ, துடைத்துக்கொண்டு நிற்கும் ஊழியரையோ மொழிபெயர்க்கச் சொல்கிறோம். இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். தனக்கு ஏற்படும் இரத்தப்போக்கைப் பற்றி ஒரு தாய் மகனின் வாயால் சொல்லமாட்டார். கணவன் அடித்த காயத்தைக் கணவனே மொழிபெயர்த்தால் அது வழுக்கி விழுந்த காயமாகிவிடும். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பது ‘சாப்பாட்டுக்குப் பின்’ ஆனால் இன்சுலின் போடுபவர் மயங்கி விழலாம். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஆடம்பரச் செலவு என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. குருதிப் பரிசோதனையை ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை. நோயாளி சொல்வது விளங்காமல் எந்தப் பரிசோதனையை எழுதுவது?

வைத்தியத்துக்குத் தமிழ் போதாது என்ற கதையும் உண்டு. அதற்குப் பதில் மானிப்பாயில் இருக்கிறது. 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார், மாணவருக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் தொடங்கியவர் பின்னர் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். தமிழில் படித்தவர்கள் ஊரில் நின்று ஊராருக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு, இரசாயனம் என்று நூல்களைத் தமிழாக்கினார். 1873 இல் அவர் நாடு திரும்பும்போது அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கியிருந்தார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் ஒரு சத்திரசிகிச்சை நூலையே தமிழில் எழுத முடிந்ததென்றால், இன்று ஒரு சம்மதப் பத்திரத்தைத் தமிழில் அச்சிடுவது கடினமான வேலையா?

‘எந்த இடம்?’ என்ற கேள்வி

இனி எங்கள் வீட்டுப் பக்கம் வருவோம். யாழ்ப்பாணத்தில் இப்போது யாரும் யாரிடமும் சாதியைக் கேட்பதில்லை. “எந்த இடம்?” என்று கேட்பார்கள். ஊர்ப் பெயர் சொன்னால், “அதில எந்தப் பக்கம்?” என்று வரும். கோயிலடியா, கடற்கரைப் பக்கமா, குடியேற்றத் திட்டமா என்று ஒழுங்கையைக் கேட்டு முடியும்போது கேட்டவருக்குத் தேவையானது கிடைத்துவிடும். கிளினிக் கொப்பியின் முகவரி இந்தக் கேள்விக்குக் கேட்காமலே பதில் சொல்லிவிடுகிறது.

சாதியின் பெயரால் ஒருவருக்குச் சமூகக் குறைபாட்டைச் சுமத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்று 1957 இலேயே 21ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் நடந்த போராட்டங்களும்தான் கதவுகளை அசைத்தன. வைத்தியசாலைக் கதவு அப்படிப் பூட்டியிருக்கவில்லை என்பது உண்மை. ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் கேட்கவும் இல்லை.

உள்ளே நடப்பது அநேகமாகச் சின்னச் சின்ன விடயங்கள்: அழைக்கும் சொல், நிற்கவைக்கும் நேரம், தொடாமல் தூரநின்று பார்க்கும் பார்வை, பிரசவ வலியில் கத்தும் பெண்ணிடம் சொல்லப்படும் வசனங்கள். ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் முறைப்பாடு எழுத முடியாத அளவுக்குச் சிறியவை. ஆனால் உடம்பு அவற்றைக் கணக்கு வைக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். நீரிழிவு ஒருநாளில் கொல்லும் நோயில்லை. மாதாமாதம் வந்து, மருந்து எடுத்து, மூன்று மாதச் சராசரி சீனியைப் பார்த்து, காலைத் தடவிப் புண் இருக்கிறதா என்று சோதித்து, வருடம் ஒருமுறை கண்ணைப் பார்த்தால் நெடுங்காலம் வாழலாம். கிளினிக்குக்கு வராமல் விட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் குத்தியது தெரியாது. புண் ஆறாது. கடைசியில் விரல், பிறகு கால். ‘தள்ளி நில்’ என்ற சொல்லுக்கும் வெட்டி எடுக்கப்படும் காலுக்கும் நடுவே இருப்பது, வராமல் விட்ட சில மாதங்கள் மட்டுமே.

அந்த அம்மாவை இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் கண்டேன். கிளினிக்குக்கு வருவதில்லையா என்று கேட்டேன். “போறேல்லைத் தம்பி. பழைய துண்டைக் காட்டிக் கடையில குளிசை வாங்கிறன். காசுதான், ஆனா பேச்சு வாங்கத் தேவையில்லை” என்றார். இலவச மருந்து இருக்கும்போது, மரியாதைக்காக அவர் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிசையின் அளவு அவருக்கு இப்போது போதுமா என்று பார்க்க ஒருவரும் இல்லை.

ஊழியர் பக்கத்து நியாயம்

தாதி உத்தியோகத்தரான ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “விடியத் தொடங்கினா மத்தியானம் வரைக்கும் சனம். ஆள் பற்றாக்குறை. தண்ணி குடிக்க நேரமில்லை. வாய் தடுமாறும்தானே” என்றார். நியாயம்தான். இந்த நாட்டிலிருந்து வைத்தியர்களும் தாதியரும் வெளியேறிக்கொண்டிருக்கும் காலம் இது. ஆனால் ஒரு கேள்வி கேட்டேன்: களைப்பில் வாய் தடுமாறினால் எல்லாப் பக்கமும் தடுமாற வேண்டும். ஏன் எப்போதும் ஒரே பக்கமாகத் தடுமாறுகிறது? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “ரீச்சர்மாரோட தடுமாறினா அடுத்தநாள் முறைப்பாடு வரும்” என்றார். அந்தப் பதிலில் முழு விடயமும் இருக்கிறது. முறையிட வழியுள்ளவருக்கு மரியாதை தானாகவே வந்துவிடுகிறது.

எங்கள் வைத்தியசாலைகளை விமர்சிப்பது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில், இந்திய அமைதிப் படையினர் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டபோது வைத்தியர்களும் தாதியரும் ஊழியரும் நோயாளரும் சேர்ந்து இறந்தார்கள். மின்சாரமும் மருந்தும் இல்லாத வருடங்களிலும் ஊழியர்கள் நோயாளரைக் கவனித்தார்கள். அந்த வரலாற்றுக்கு முன் நான் தலை வணங்குகிறேன். அப்படிக் காத்த இடத்தில் எவரும் தள்ளி நிற்கவேண்டி வரக்கூடாது என்பதுதான் என் கேள்விக்கும் காரணம்.

சந்தேகம் நோயாளியை விரட்டும்

இனவாதம் வைத்தியசாலைக்குள் முழுதாகப் புகுந்தால் என்ன ஆகும் என்பதை நாடு அண்மையில் இரண்டு தடவை பார்த்தது.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், குருநாகல் போதனா வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு பத்திரிகைச் செய்தி கிளம்பியது. அவர் மே மாதம் கைது செய்யப்பட்டார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுப் பிரிவினர் நீதிமன்றத்தில் தெரிவித்தனர். ஜூலையில் பிணை கிடைத்தது. பின்னர் நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது நாடு பொருளாதார நெருக்கடியில் மருந்தின்றித் தவித்துக்கொண்டிருந்தது. கிடைத்த சுமார் 26 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாவை மருந்து வாங்குவதற்கென்று அவர் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் கொவிட் வந்தது. உடலைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. பிறந்து 20 நாட்களான ஒரு குழந்தையின் உடலும் பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. எரித்துவிடுவார்களே என்ற பயத்தில் காய்ச்சலோடு வீட்டில் இருந்துவிட நினைத்த முஸ்லிம்களை எவரால் குறைசொல்ல முடியும்? தொற்றைத் தடுக்கவென்று போட்ட விதி, தொற்றை மறைக்கத் தூண்டியது. 2021 பெப்ரவரி முற்பகுதியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் நடந்தபோது கட்டாயத் தகனத்தை நிறுத்து என்பதும் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. அந்த மாத இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இந்த இரண்டு சம்பவங்களும் சொல்வது ஒன்றுதான். நோயாளி வைத்தியசாலையை நம்பாவிட்டால் அங்கேயுள்ள இயந்திரமும் மருந்தும் பயன்படாது. நம்பிக்கையை உடைக்கப் பெரிய சதி தேவையில்லை. ஒரு வதந்தி போதும், ஒரு விதி போதும், சில நேரம் ஒரு விகுதி போதும்.

பிற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனி விடுதி, தனி வாசல் என்று இருந்தது. உபதேசத்தால் அது மாறவில்லை. 1966 ஜூலையில் முதியோருக்கான மெடிக்கெயார் காப்புறுதி தொடங்கியபோது, பாகுபாடு காட்டும் வைத்தியசாலைக்கு அந்தப் பணம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. நான்கு மாதத்துக்கும் குறைவான காலத்தில் சுமார் 1,000 வைத்தியசாலைகள் சுவர்களை எடுத்தன. மனம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை, விதி மாறினால் நடத்தை மாறும்.

ஆனால் சுவரை எடுத்தபின்னும் பாகுபாடு கருவிகளில் ஒளிந்திருந்தது. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியை கொவிட் காலத்தில் நாங்கள் எல்லோரும் கண்டோம். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மையில் குருதியில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 வீதமாகவும் கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 வீதமாகவும் இருந்ததைக் காட்டியது. கருந்தோலில் கருவி பொய் சொல்கிறது. எங்கள் தோலுக்கும் இது பொருந்தக்கூடிய எச்சரிக்கை. கருவி 94 என்று சொன்னாலும் மூச்சு வாங்குகிறது என்று நோயாளி சொன்னால், நோயாளியை நம்பவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் நியூசிலாந்திலிருந்து வந்தது. மவோரி இனத்தவரான இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற தாதி 1980களின் இறுதியில் ஒரு கருத்தை முன்வைத்தார். சிகிச்சை பாதுகாப்பானதாக, மதிப்போடு கூடியதாக இருந்ததா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அதைக் கொடுத்தவர் அல்ல, பெற்றவர் என்றார். 1992 இல் அந்நாட்டின் தாதியர் சபை இதைப் பயிற்சியில் சேர்த்தது. நாங்கள் எல்லோரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறோம் என்று ஊழியர் சொல்வது இங்கே சான்றாகாது. தள்ளி நின்ற அம்மாவைத்தான் கேட்கவேண்டும்.

இங்கே என்ன செய்யலாம்?

சட்டமோ பெரிய நிதியோ காத்திருக்காமல் நாளைக்கே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எந்த நோயாளியையும் ‘நீங்கள்’ என்றே அழைப்பது என்று ஒவ்வொரு வைத்தியசாலையும் எழுத்தில் விதியாக்கட்டும். பணிப்பாளர் முதல் வாசல் காவலாளி வரை அது பொருந்தட்டும். கழிவறை கழுவும் பணியாளரையும் ‘நீங்கள்’ என்றே அழைக்கட்டும். அவரை ‘நீ’ என்று அழைக்கும் விடுதியில் அவருடைய ஊரவருக்கு மரியாதை கிடைக்காது.

இரண்டு: யார் வரவில்லை என்று எண்ணுங்கள். சாதியைக் கேட்டுப் பதியத் தேவையில்லை, பதியவும் கூடாது. கொப்பியில் முகவரி இருக்கிறது. கிளினிக்கை இடையில் விட்டவர்களைக் கிராம அலுவலர் பிரிவு வாரியாக வருடம் ஒருமுறை எண்ணினால் போதும். எந்த ஒழுங்கைகளிலிருந்து ஆட்கள் வராமல் போகிறார்கள் என்று தாள் சொல்லிவிடும். அந்த இடங்களுக்குக் கிளினிக்கைக் கொண்டுபோவதா, மாலையில் நடத்துவதா, வேறென்ன செய்வது என்று பிறகு முடிவு செய்யலாம். எண்ணாதவரை ‘இங்கே அப்படி ஒன்றும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

மூன்று: சம்மதப் பத்திரம், வெளியேறும் அட்டை, மருந்துச் சுட்டி ஆகிய மூன்றும் இரு மொழியிலும் இருக்கவேண்டும். மொழிபெயர்க்கத் தெரிந்த ஊழியரை அடையாளம் கண்டு, பயிற்சியும் கொடுப்பனவும் கொடுக்கவேண்டும்.

நான்கு: வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓய்வுபெற்ற அதிபர்களும் வர்த்தகர்களும் வெளிநாட்டு நிதி கொண்டுவருபவர்களும் தேவைதான். கடற்றொழிலாளர் சங்கத்திலிருந்து ஒருவர், குடியேற்றத் திட்டத்திலிருந்து ஒரு பெண், மீள்குடியேறிய முஸ்லிம் குடும்பத்திலிருந்து ஒருவர் அங்கே கதிரை போட்டு இருக்கிறார்களா?

ஐந்து: முறைப்பாடு. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. சாதி என்ற சொல் அதில் வெளிப்படையாக இருக்கிறது என்பதை எங்களில் பலர் அறியார். முதலில் நாள், நேரம், விடுதி, சொன்ன வார்த்தை ஆகியவற்றை எழுதி வைத்திய அத்தியட்சகரிடமோ பணிப்பாளரிடமோ கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம். மொழி சம்பந்தமானது என்றால் 1991 இன் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் கால எல்லை என்பதால் தாமதிக்கக் கூடாது. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது எங்களைப்போன்றவர்கள் செய்யக்கூடிய மிகச் சிறிய தொண்டு.

ஆறாவது ஒன்றும் உண்டு. அது என்னைப் போல வாங்கில் இருப்பவர்களுக்கானது. அன்று நான் எழுந்து, “மிஸ், அந்த அம்மாவையும் இருத்திக் கேளுங்கோ” என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? தாதி என்னை முறைத்திருப்பார். அவ்வளவுதான். ஆசிரியையின் மகனுக்கு அதற்குமேல் ஒன்றும் நடந்திருக்காது. பேசினால் எதையும் இழக்காதவர் பேசாமல் இருப்பதால்தான் இந்த ஒழுங்கு நிலைக்கிறது.

சந்தையில் கண்ட அன்று அந்த அம்மாவிடம் அடுத்த கிளினிக் திகதியைச் சொன்னேன். தானும் அம்மாவும் ஒன்றாகப் போகலாம் என்று அம்மா சொல்லிவிட்டதையும் சொன்னேன். “பாப்பம் தம்பி” என்றார். அந்தக் காலையில் அம்மா பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார். எட்டு மணிக்கு அவர் வந்தார். இலக்கம் கூப்பிட்டபோது அம்மாவும் கூடவே எழுந்து போனார். தாதி முகவரியைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“இருங்கோ” என்றார்.

அதைக் கேட்க ஒரு ரீச்சர் கூடப் போகவேண்டியிருந்தது. ரீச்சர் கூடப் போகாத நாளிலும் அந்தச் சொல் கிடைக்கவேண்டும்.